ஷீடரை என்ன செய்வது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய தேசியவாதம் பற்றிய கட்டுரையில் தேச அரசுகள் மூன்று விதமாக உருவாயின என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் தியோடோர் ஷீடரின் பகுப்பை எடுத்தாண்டிருந்தீர்கள். அவர் நாஜி கட்சியில் இருந்தவர் என்று பிறகுதான் அறிந்தேன். அப்படிப்பட்டவரை மேற்கோள் காட்டலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

கட்சியில் இருந்தது சின்ன விஷயம். 1937-ல் சேர்ந்தார், பல்கலைக்கழக வேலையை நம்பியிருந்த பலரும் அன்று சேர்ந்தார்கள். பெரிய விஷயம், 1939 அக்டோபர் 7 தேதியிட்ட ஒரு குறிப்பாணை வரைவு. போலந்தின் கடைசிப் படை சரணடைந்த மறுநாள் அது. அன்று ஜெர்மனியின் கிழக்கு எல்லையில் இருந்த கோனிக்ஸ்பெர்க் நகரில் வேலைபார்த்த ஷீடருக்கு அப்போது 31 வயது. ஜெர்மனி இணைத்துக்கொண்ட பகுதிகளிலிருந்து போலந்துக்காரர்களை அப்புறப்படுத்தவும், எஞ்சிய போலந்தில் யூதர்களே இல்லாமல் செய்யவும் அதில் யோசனை சொல்கிறார்.

போருக்குப் பின் கொலோனில் பேராசிரியரானார். 1950-களில் மேற்கு ஜெர்மன் அரசு அவர் தலைமையில் ஒரு பெருந்தொகுப்பு வேலையைத் தொடங்கியது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர்களின் வாக்குமூலங்களைத் திரட்டும் வேலை! ஊரையே பெயர்த்து அனுப்பினால் என்ன ஆகும் என்று பக்கம் பக்கமாக அவர் மேஜைக்கு வந்திருக்கும். தன் பழைய காகிதத்தைப் பற்றி 1984-ல் சாகும்வரை வெளியே வாய்திறக்கவில்லை.

1992-ல் அந்த வரைவு அச்சேறியது. 1998-ல் பிராங்ஃபர்ட்டில் கூடிய வரலாற்றாசிரியர் மாநாட்டில் கேள்வி அவருடைய மாணவர்கள் பக்கம் திரும்பியது. நாஜி காலத்தை மறைக்காதே என்று நாட்டுக்கே பாடம் சொன்ன வரலாற்றாசிரியர் ஹான்ஸ்-உல்ரிஷ் வேலர் போன்றவர்கள், சொந்த ஆசிரியரிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை? போருக்குப் பின் ஷீடர் கற்றுத் திருந்தினார் என்பது வேலரின் வாதம். எனக்கு அது பாதிதான் செரிக்கிறது. திருந்தியவர் ஒருமுறையாவது அதைச் சொல்லியிருப்பார்.

பகுப்புக்கு வருகிறேன். இங்கிலாந்து, பிரான்ஸில் இருந்த அரசையே மக்கள் உள்ளிருந்து மாற்றினார்கள். ஜெர்மனி, இத்தாலியில் துண்டுகள் சேர்ந்தன. கிழக்கே பேரரசுகளிலிருந்து பிரிந்து புது நாடுகள் வந்தன. வசதியான சட்டகம், இன்றும் உதவுகிறது. ஆனால் நாடு எப்படிப் பிறக்கிறது என்றுதான் அது கேட்கிறது. அந்த நாட்டில் பொருந்தாதவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்பதில்லை. அதற்கு ஒரு பதிலை அவர் 1939-லேயே எழுதிவைத்திருந்தார்.

கட்டுரையிலிருந்து அவர் பெயரை எடுக்கப்போவதில்லை. அந்தக் குறிப்பாணை பற்றி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும்.