முருங்கைக்குச் சரி, தூங்குமூஞ்சிக்கு? – இந்த மாத மரக் கேள்வி-பதில்

பெங்களூரில் முதல் கோடை மழை அடித்த மறுநாளிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. வழக்கம்போலப் பாதிப் பேர் மரத்தின் பெயரையே எழுதவில்லை. இருப்பதை வைத்துச் சொல்கிறேன்.

கே: வீட்டு முன்னால் நிற்கும் மரம் மேலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (லிங்கராஜபுரம்)

ப: என்ன மரம்? எத்தனை வயசு? பக்கத்தில் யாராவது தோண்டினார்களா? ஒன்றும் சொல்லாமல் மருந்து கேட்டால் நான் என்ன ஜோசியரா? இந்த ஊரில் நுனியிலிருந்து காய்கிற தெருமரங்களில், நான் பார்த்தவரை, பத்துக்கு ஆறேழு வேர் அறுபட்டவை. சாக்கடைக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை, நடைபாதைக்கு ஒரு தடவை. வேர் போனதற்கு இலையில் மருந்தடித்துப் பிரயோஜனம் இல்லை. அடிமரத்தையும் சுற்றியுள்ள தரையையும் படம் எடுத்து அனுப்புங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தே எடுக்கிறீர்கள்.

கே: மாங்கிளை வெட்டிய இடத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்துப் பூசச் சொல்கிறார் மாமியார். நர்சரிக்காரர் கறுப்புப் பெயின்ட் டப்பா விற்கிறார். எது சரி? (காக்ஸ் டவுன்)

ப: இரண்டும் தேவையில்லை அம்மா. பூசியே ஆகவேண்டுமென்றால் நான் மாமியார் கட்சி, காசாவது மிச்சம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் சாவால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, 1970களிலேயே சொல்லிவிட்டார்: மரம் நம் தோல் மாதிரி புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, கெட்ட இடத்தைச் சுற்றி உள்ளுக்குள் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டையால் மூடிக்கொள்கிறது. மேலே பூசும் பெயின்ட்டால் உள்ளே அழுகுவது நிற்பதில்லை. வெட்டும் இடம்தான் முக்கியம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் உப்பலாக இருக்குமே, அந்தக் கழுத்தை வெட்டாதீர்கள், அதற்கு வெளியே வெட்டுங்கள். வெட்டிய கிளையின் மிச்சம் முளைக்குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கவும் விடாதீர்கள்.

மழைக்காலத்தில் மாவையோ எலுமிச்சையையோ வெட்ட நேர்ந்தால் மட்டும் போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) நூறு கிராம், சுட்ட சுண்ணாம்பு நூறு கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரும்புப் பாத்திரம் கூடாது. அது பூஞ்சாணத்துக்குத்தான், புண்ணை மூடுவதற்கு இல்லை.

கே: அரசமரப் பொந்தில் சிமென்ட் அடைக்கலாமா? (அல்சூர்)

ப: கூடாது. மரம் காற்றில் ஆடும், சிமென்ட் ஆடாது, நடுவில் விரிசல் விட்டுத் தண்ணீர் தேங்கும். இதைச் சிலர் பழைய முறை என்கிறார்கள், சிலர் புதிய முறை என்கிறார்கள். போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஓகோ என்று நடந்த வேலை, பிறகு அவர்களே கைவிட்டார்கள். பொந்து இருந்தாலே மரம் செத்துவிடும் என்றும் இல்லை. மைசூர் ரோட்டைத் தாண்டி கேதோஹள்ளியில் இருக்கும் தொட்ட ஆலமரத்தைப் போய்ப் பாருங்கள். தாய்த்தண்டு போய்விட்டது, விழுதுகளின் பலத்தில் சுமார் மூன்று ஏக்கர் நிழல் நிற்கிறது. உங்கள் அரசமரத்துக்கு அந்த வசதி கிடையாது என்பதால், சுற்றிக் கெட்டியான கட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிந்தவரை வைத்துப் பாருங்கள்.

கே: எங்கள் அடுக்ககத்தில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள், நாற்பது வயசு இருக்கும். வழக்கமாக வரும் பெரியவர் முழுசாக மொட்டையடித்தால்தான் பயமில்லை, நன்றாகத் துளிர்க்கும் என்கிறார். பெல்ட், ஹெல்மெட் போட்ட கம்பெனிக்காரர்கள் கால்வாசிக்கு மேல் எடுக்கமாட்டோம் என்கிறார்கள், கூலியோ மூன்று மடங்கு. சங்கத்தில் பெரும்பான்மை பெரியவர் பக்கம். (ராமமூர்த்தி நகர்)

ப: வந்துவிட்டதா! இந்தக் கடிதம் வராமல் எனக்கு எந்தக் கோடையும் முடிந்ததில்லை.

முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும் என்பார்கள். பிள்ளை விஷயத்தை விடுங்கள். முருங்கை விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு சரி, காய்ப்பு ஓய்ந்ததும் மூன்றடி விட்டு வெட்டினால் புதுக்கொப்பில், கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும். கிளுவை வேலி, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் பூவரசு, கல்யாண முருங்கை எல்லாம் அப்படித்தான். ஆனால் அந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. மரம் கைப்பருமனாக இருக்கும்போதே ஆரம்பிப்பார்கள், ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதே முண்டுக்கு (முன்பு வெட்டிய இடம் புடைத்திருக்குமே, அதற்கு) வந்து, புதிதாக வந்த கொப்பை மட்டும் எடுப்பார்கள். ஐரோப்பாவிலும் இதே முறை உண்டு, போலார்டிங் என்று பெயர், அங்கேயும் இளசிலேயே தொடங்கி அதே முண்டில்தான் வெட்டுகிறார்கள். நம் ஆட்கள் வெட்டை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒழுங்கை மறந்துவிட்டார்கள். நாற்பது வருஷம் தொடாமல் விட்ட மரத்தில் இடுப்பளவு கிளையைத் தறிப்பதை எங்கள் தாத்தா காலத்து முறை என்று சொன்னால், அந்தத் தாத்தாவே கோபித்துக்கொள்வார். லால்பாக் தோட்டத்தைக் கவனித்த ஜெர்மன்காரர் க்ரும்பீகல் காலத்திலிருந்து இந்த ஊர்த் தெருக்களில் மரம் வைத்தது நிழலுக்கும் பூவுக்கும், தழைக்கு இல்லை.

மொட்டையடித்தால் துளிர்க்கும், வாஸ்தவம். அது சந்தோஷத்தில் துளிர்ப்பதில்லை. சமைக்கிற இலையெல்லாம் ஒரே நாளில் போனதால், சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து அவசரமாகத் தள்ளுகிறது. அந்தக் கொப்புகள் பட்டைக்கு அடியிலிருந்து கிளம்புபவை, பழைய கிளை மாதிரி உள்கட்டையில் வேர்விட்டு நிற்பவை இல்லை. மூன்று நான்கு வருஷத்தில் பழைய உயரம் வந்துவிடும், அதற்குள் வெட்டுவாய் உள்ளே அழுகியிருக்கும், அழுகல் மேல் பாரம், அப்புறம் ஒரு மே மாதக் காற்று. நானே தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு குல்மோகரை இப்படி மொட்டையடித்துக் கூலியும் வாங்கினேன். ஐந்தாம் வருஷம் அதே முண்டிலிருந்து வந்த கிளை ஒரு காரின் மேல் கிடந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை.

ஆகவே: காய்ந்தது, உரசுவது, விரிசல் விட்டது முதலில். நீண்டு தொங்கும் கிளையைக் குறைக்கவேண்டுமானால் அதன் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக்கிளை வரை வந்து வெட்டவேண்டும், அந்தரத்தில் இல்லை. ஒரு வருஷத்தில் பச்சையில் கால்வாசிக்கு மேல் போகக்கூடாது. பெரிய கிளைக்கு மூன்று வெட்டு: அடியில் ஒன்று, கொஞ்சம் தள்ளி மேலே ஒன்று, பாரம் இறங்கிய பிறகு கழுத்துக்கு வெளியே ஒன்று. கழுத்தை வெட்டாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

பெரியவரை விரட்டச் சொல்லவில்லை. எந்தக் கிளை எப்போது முறியும் என்று கீழே நின்றே சொல்லும் கண் அவரிடம் இருக்கலாம். அவருக்கும் ஒரு பெல்ட் வாங்கிக் கொடுங்கள், அறுபது வயசுக்காரரை வெறும் இடுப்புக்கயிற்றில் ஏற்றிவிட்டு மீட்டிங்கில் டீ குடிக்காதீர்கள். ஹெல்மெட் போட்டவரெல்லாம் மரம் தெரிந்தவர் என்றும் நம்பவேண்டாம். பூட்ஸில் முள் கட்டி உயிருள்ள மரத்தில் குத்திக் குத்தி ஏறுகிற ‘நிபுணர்களை’ இதே ஊரில் பார்த்திருக்கிறேன். முள் கட்டுவது, அடியோடு எடுக்கப்போகும் மரத்துக்கு மட்டும்.

கே: தென்னையில் ஏற வசதியாகப் படி வெட்டலாமா? (கே.ஆர்.புரம்)

ப: வேண்டவே வேண்டாம். மாமரம் வெட்டை மூடிக்கொள்ளும், தென்னையால் முடியாது, இன்று போட்ட படி கடைசிவரை புண்தான், சிவப்புக் கூன்வண்டுக்கு வாசற்படி. காலில் தளைக்கயிறு போட்டு ஏறுவது மரத்துக்குச் சேதமில்லாத பழைய முறை, பெடல் வைத்த கருவி சேதமில்லாத புதிய முறை. எது கிடைக்கிறதோ அது. மின்கம்பி பக்கத்தில் இருந்தால், லைனை நிறுத்தும்வரை எதிலும் ஏறவேண்டாம்.

கே: பட்டர் ஃப்ரூட் ஏழு வருஷமாகக் காய்க்கவில்லை. ஊரில் ஆணி அடிக்கச் சொல்கிறார்கள். (ஜீவன் பீமா நகர்)

ப: பட்டையில் காயம் பட்டால் மேலே செய்த சத்து கீழே இறங்காமல் தங்கி, சில மரம் பயந்து பூக்கும், அதனால்தான் இந்த நம்பிக்கை. ஆணிக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. விதையில் வந்த கன்றா, ஒட்டா? அதை எழுதவேண்டாமா? விதைக்கன்று என்றால் ஏழு வருஷம் ஒன்றுமே இல்லை.

கே: மாமரத் தண்டில் ஓட்டை, மரத்தூள் கொட்டுகிறது. (ஸ்ரீராமபுரம்)

ப: தண்டுத் துளைப்பான். வளைத்த சைக்கிள் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சை உள்ளே தள்ளி, களிமண்ணால் அடையுங்கள். மேலே சாணி வேண்டாம் என்றவன் இங்கே மண் பூசச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். அங்கே மருந்து என்று பூசினீர்கள், இங்கே அது மூடி. வண்டு மாத்திரை என்று யாராவது செல்பாஸ் கொடுத்தால் வாங்காதீர்கள், அந்த வாயு ஆளையே கொல்லும்.

கே: என் மனையில் நிற்கும் மரத்தை வெட்ட யாரிடம் கேட்கவேண்டும்? (ஹெச்.ஏ.எல்.)

ப: மர அதிகாரியிடம். 1976ஆம் வருஷத்துக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் சொந்த மனைக்கும் பொருந்தும். தென்னை, சில்வர் ஓக், யூகலிப்டஸ் போன்ற சிலதுக்குத்தான் விலக்கு.

கே: மரத்துக்கு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று ஒரு நிறுவனம் பெரிய தொகை கேட்கிறது. ஏமாற்றா? (எலெக்ட்ரானிக் சிட்டி)

ப: ஏமாற்று இல்லை. ஒலி அலையை விட்டு உள்ளே பொந்து எவ்வளவு என்று பார்க்கும் கருவி உண்டு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு மரச்சுத்தியை எடுத்துக்கொண்டு தண்டைச் சுற்றித் தட்டுங்கள், தச்சர் கட்டையைத் தட்டிப் பார்ப்பாரே அப்படி. சத்தம் ஓரிடத்தில் மத்தளம் மாதிரி மாறினாலோ, அடியில் காளான் தட்டுத்தட்டாக முளைத்திருந்தாலோ, கீழே ஆள் நடமாட்டமும் இருந்தால் ஸ்கேனுக்குச் செலவழியுங்கள். தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், இந்தத் தடவையாவது மரத்தின் பெயரோடு.