முதியோர் பென்ஷன் தொகைக்கு எம்.எல்.ஏ.க்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள்?

சட்டமன்றத்தில் "பென்ஷனைக் கூட்டலாமா?" என்று தனியாக ஓட்டெடுப்பு நடப்பது அரிது. ஒவ்வொரு துறையும் அந்த ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் பணத்துக்கு மானியக் கோரிக்கை என்று பெயர். முதியோர் உதவித்தொகையும் அதற்குள்தான் வரும்.

விவாதம் முடிந்ததும் பேரவைத் தலைவர் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார். குரல் ஓங்கிய பக்கம் வெற்றி. யாராவது வற்புறுத்தினால்தான் தலை எண்ணுவார்கள். அதனால் காட்பாடி, அணைக்கட்டு உறுப்பினர்கள் எந்தப் பக்கம் என்று பெயர்வாரியாகப் பெரும்பாலும் பதிவாவதே இல்லை. இது வாக்காளருக்குப் பெரிய இழப்பு. எந்தப் பக்கம் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே போகலாம் என்பதால் கட்சி முடிவை மீறுவோரும் அரிது.

உறுப்பினர்கள் தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம், கூட்ட முடியாது. அரசியலமைப்பின் 203-வது பிரிவு அப்படி. ஆளுநர் பரிந்துரையோடு அரசு மட்டுமே பணம் கேட்க முடியும், ஏனென்றால் வரவுக்குப் பொறுப்பு அரசுதான். குடியாத்தம் பக்கம் ஊர்த் திருவிழாக் கூட்டத்தில் வாணவேடிக்கைச் செலவைக் குறைக்கச் சொல்லலாம். வசூல் பொறுப்பில்லாதவர் இன்னொரு நாள் கரகாட்டம் சேர்க்க முடியாது, அதுபோல.

2023-ல் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனதும் அமைச்சரவை முடிவால்தான்.

எம்.எல்.ஏ. ஓட்டுப் போட்டால் நம் பென்ஷன் மனு பாஸாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மனுவை முடிவு செய்வது தாலுகா அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்.