ஆர்ஸ் ஊர்ச் சாமியாரின் உருளைக்கிழங்குப் பானை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆகஸ்ட் 4ஆம் நாள் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் சாமியாருக்கு, அதாவது பங்குத்தந்தைக்கு, பொன்னாடை போர்த்தி வாழ்த்துக் கூறுவது வழக்கம். அந்த நாளுக்குரிய புனித ஜான் மரிய வியான்னியைக் கருணையே வடிவானவர் என்கிறார்கள். நான் படித்த ஒரு கட்டுரையோ, நடனமாடியவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்த கண்டிப்பானவர் என்கிறது. எது சரி?
– வாசகி ஒருவர், தூத்துக்குடி

பதில்: இரண்டும் சரிதான், முதலில் கண்டிப்பு, பின்னர் கனிவு என்பதே வரிசை. 1818 பிப்ரவரியில், பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 230 பேர் மட்டுமே வாழ்ந்த ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு அவர் வந்தபோது, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வழிபாடு தடைப்பட்டிருந்ததன் விளைவுகள் அங்கே இன்னும் நீங்கியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வயலில் வேலை நடந்தது. சாராயக் கடைகளில் கூட்டம் இருந்தது. இலத்தீன் வராததால் குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ஒரு முதிய குருவானவரின் பொறுமையான பயிற்சியினால் 1815இல் குருப்பட்டம் பெற்றிருந்த வியான்னி, அக்காலத்துப் பிரெஞ்சுக் குருக்களிடம் ஊறிப்போயிருந்த கடுமையான ஒழுக்கப் போதனையையே தாமும் கற்றிருந்தார். எனவே சாராயக் கடைகளையும் நடனத்தையும் எதிர்த்து மாதக்கணக்கில் பிரசங்கம் செய்தார். கோயிலில் திருமுழுக்கு யோவானுக்கு அவர் கட்டிய சிற்றாலயத்தின் வளைவில், 'இவருடைய தலை ஒரு நடனத்துக்கு விலையாயிற்று' என்றே எழுதி வைத்தார். ஞாயிறு மாலையில் சற்று ஆடிவிட்டு வந்த இளம்பெண் அதை நிமிர்ந்து பார்த்தபோது அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என்னைக் கேட்டால், அது கொஞ்சம் அதிகம்தான்.

அவரை மாற்றியவற்றுள் ஒன்று படிப்பு: இத்தாலிய ஆயரான புனித அல்போன்ஸ் லிகோரியாரின் கனிவான ஒழுக்க இறையியல் அவருடைய ஆயரின் வழியாக அவரை எட்டியது. மற்றொன்று, பாவசங்கீர்த்தனம் (மக்கள் தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடுவது) கேட்டுக் கேட்டே அவருக்கு வாய்த்த அறிவு என்று நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் கோடையில் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் வரை மனிதர்களின் அழுகையைக் கேட்டவர், பழைய கண்டிப்போடு எப்படி இருந்திருக்க முடியும்? வந்தவர்களுக்குப் பாவப் பரிகாரமாகச் சிறிய தபசைக் கொடுத்துவிட்டு, மீதியை அவர்களுக்குப் பதிலாகத் தாமே செய்வதாக உடன் குருக்களிடம் கூறியிருக்கிறார். 1929இல் பங்குத்தந்தையர் அனைவருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை அறிவித்த வியான்னி, கனியக் கற்றுக்கொண்ட இந்த வியான்னிதான்.

கேள்வி: எங்கள் பங்கில் பல ஆண்டுகள் பணியாற்றிய சாமியார் இறந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் எழுதச் சொல்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் 'அன்பின் உறைவிடம், எளிமையின் சிகரம்' என்றே வருகிறது. வேறு எப்படி எழுதுவது?
– வாசகர் ஒருவர், சிவகங்கை

பதில்: அந்த இரண்டு தொடர்களையும் முதலில் அடித்துவிடுங்கள், எந்தச் சாமியாருக்கும் பொருந்துகிற சொல் உங்கள் சாமியாரைக் காட்டாது. வியான்னி இறந்த பிறகு, அவரைப் புனிதராக உயர்த்துவதற்கான விசாரணையில் ஆர்ஸ் மக்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களுள் ஒருவர் கத்ரீன் லசாஞ். ஏழைச் சிறுமிகளுக்காக 1824இல் வியான்னி தொடங்கிய இலவசப் பள்ளியை நடத்துவதற்காக, அவரே வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைத்த உள்ளூர்ப் பெண் அவர். அந்தப் பெண்மணியைப் போன்றவர்கள் நினைவில் வைத்திருந்ததெல்லாம் கண்ணால் கண்ட சிறு செய்திகள்: பல நாளைக்குச் சேர்த்து ஒரே பானையில் அவித்து வைத்த உருளைக்கிழங்கு, கடைசி நாள்களில் பூசணம் பூத்துப்போனதையும் அவர் ஒதுக்காமல் உண்டது, ஏழைக்குக் கொடுத்துவிட்டதால் மெத்தையில்லாத கட்டில். இவற்றைப் படிக்கிறவருக்கு 'எளிமை' என்ற சொல்லே தேவைப்படுவதில்லை.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். பங்கு மக்களிடமிருந்து உங்கள் சாமியார் என்ன பெற்றுக்கொண்டார் என்பதையும் எழுதுங்கள். நினைவு மலர்களில் அதுதான் எப்போதும் விடுபட்டுப் போகிறது. ஆர்ஸில் ஒரு விவசாயி கோயிலுக்குள் வந்து, உதடு அசையாமல், இயேசுவின் உடலாகப் போற்றப்படும் அப்பம் வைத்த நற்கருணைப் பேழையைப் பார்த்தபடியே நெடுநேரம் இருப்பார். என்ன செபிக்கிறீர் என்று வியான்னி கேட்டதற்கு, 'நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்' என்றார். எழுத்தறிவு குறைந்த அந்த மனிதரின் பதிலை வியான்னி தம் மறைக்கல்வி வகுப்புகளில் கண்ணீரோடு எடுத்துச் சொன்னார். இன்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலிலேயே அது இடம்பெற்றுள்ளது.

உங்கள் சாமியாரின் சோர்வையும் மறைக்க வேண்டியதில்லை. பங்குத்தந்தைப் பொறுப்புக்குத் தாம் தகுதியற்றவர் என்று எண்ணிய வியான்னி, தனிமையான துறவு மடத்தை நாடி ஆர்ஸை விட்டுப் போகப் பலமுறை முயன்றார். 1853 செப்டம்பரில் ஓர் இரவு அவர் புறப்பட்ட செய்தி கசிந்ததும், கோயில் மணியை அடித்து ஊரையே எழுப்பினார்கள். இருட்டில் வழியை மறித்து நின்று, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். அவர் திரும்பி வந்து, வழக்கம்போலப் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். 1859 ஆகஸ்ட் 4 அன்று அதே ஊரில் இறந்தார். மணியடித்த அந்த மக்களைப் பற்றி எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. உங்கள் ஊரிலும் உங்கள் சாமியாருடைய மாற்றல் உத்தரவு வந்த ஆண்டில் ஆயர் இல்லத்துக்கு யார் யார் வண்டி ஏறிப் போனார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் கட்டுரையை அங்கிருந்தே தொடங்கலாம்.