படத்தில் தமிழ் எழுத்தின் கொம்பு இடம் மாறுவது குறித்து

வணக்கம். கட்டளைகளால் படங்களைத் திருத்தும் இமேஜ்மேஜிக் மென்பொருளின் அன்னோடேட் விருப்பத்தால் படங்களில் பெயர் பொறிக்கும்போது, 'மேசை' என்பதன் இரட்டைக் கொம்பு மகரத்துக்குப் பின்னால் போய் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எழுத்துருவில் தமிழே இல்லையென்றால் பெரும்பாலும் வெறும் கட்டங்கள்தாம் தெரியும். எழுத்துகள் தெரிந்தும் வரிசை குலைவதால், அவற்றை முறைப்படி அடுக்கித் தரும் ராக்ம் நூலகம் இல்லாமல் உங்கள் பதிப்பு தொகுக்கப்பட்டிருக்கிறது என்றே கருதுகிறேன். மேஜிக் கட்டளைக்கு வெர்ஷன் விருப்பத்தைக் கொடுத்து, அதனுடன் இணைந்த நூலகங்களைக் காட்டும் டெலிகேட்ஸ் வரியில் ராக்ம் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல், எழுத்துகளை அடுக்கித் தரும் இன்னொரு நூலகமான பாங்கோ மட்டும் இருந்தால், பெயரைப் பாங்கோ வழியாக, பின்னணி ஒளிபுகும் தனிப் படமாக உருவாக்கி, காம்போசிட் கொண்டு மூலப் படத்தின்மேல் பதிப்பதே நம்பகமான வழி. எல்லாப் படங்களுக்கும் ஒருசேர மோக்ரிஃபை கட்டளையை இயக்குவதாக இருந்தால், வேறு கோப்புறையைக் குறிப்பிடாதவரை அது மூலக் கோப்புகளையே மாற்றிவிடும் என்பதால், தயவுசெய்து முதலில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.