சல்மிங்கைக் கொண்டு பிள்ளையை அடிக்காதீர்கள்

வணக்கம் அண்ணா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். போன கிழமை மகனோடு இருந்து, லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் பழைய ஆட்டக்காரர் போர்யே சல்மிங்குக்கு 2022 நவம்பரில் ரொறன்ரோவில் நடந்த பாராட்டின் காணொளியைப் பார்த்தேன். அழுதுவிட்டேன். மகனுக்குப் பதின்மூன்று வயது, அவனும் டிஃபன்ஸ்தான், தற்காப்பு வரிசையில், ஆடுகிறான். அணியில் மற்றப் பெடியள் நக்கலடிக்கிறார்கள், தள்ளி விழுத்துகிறார்கள் என்று இந்த வருடத்தோடு ஹொக்கியை விடப்போகிறானாம். முகத்தில் இருநூறுக்கு மேல் தையல் போட்ட பிறகும் திரும்பி வந்து ஆடியவர் சல்மிங் என்று சொன்னேன், எழும்பிப் போய்விட்டான். இந்தத் தலைமுறைக்குத் தாங்கும் சக்தியே இல்லை. சரி, என் கேள்வி வேறு. சுவீடன் டிஃபன்ஸ்காரர்களில் பெரியவர் யார், சல்மிங்கா நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமா? எங்கள் வட்ஸ்அப் குழுவில் இதுதான் இப்போது சண்டை. சல்மிங் வட ஐரோப்பாவின் சாமி (Sámi) என்ற பழங்குடி வழி வந்தவர் என்கிறார்களே, அவரைச் சுவீடன்காரர் என்று சொல்லலாமா? இந்த மாதிரி விஷயங்களை நீங்கள் புத்தகமாகப் போட வேண்டும்.

— ஒரு வாசகர், பிரம்டன்

அன்புள்ள தம்பி,

புத்தகம் இப்போதைக்கு இல்லை. சல்மிங் 1951இல் கிருனாவில் பிறந்தவர், தகப்பன் வழியில் சாமி, சுவீடனுக்காக ஆடியவர். இரண்டும் ஒரே ஆளில் இருக்கக்கூடாதா? நீங்களும் நானும் என்ன ஒற்றை அடையாளத்தோடா 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டித் திரிகிறோம்? லிட்ஸ்ட்ரோமுக்குப் பிறகு வருகிறேன்.

எனக்குக் கோபம் வந்த இடம் அந்தத் தையல் கதை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, தன்னை நாலு பேர் சேர்ந்து தள்ளி விழுத்துகிறார்கள் என்று தகப்பனிடம் வந்து சொல்லியிருக்கிறான். அந்த வயதுப் பிள்ளை அதைச் சொல்வதே பெரிய காரியம். நீங்கள் அவனுக்குக் கொடுத்த பதில் இன்னொருவரின் கிழிந்த முகம். அவன் எழும்பிப் போனது சரி. நானாக இருந்தால் கதவையும் அடித்துச் சாத்தியிருப்பேன்.

இது எனக்குப் புதிய கதையும் இல்லை, தம்பி. எண்பதுகளின் கடைசியில் நான் ரொறன்ரோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். தலைமைச் சமையல்காரர் லீஃப்ஸ் பைத்தியம், சனி இரவென்றால் குசினியில் வானொலி அலறும். சல்மிங் அப்போது லீஃப்ஸில் கடைசி வருடங்களை ஆடிக்கொண்டிருந்தார். ஒருநாள் கொதித்த எண்ணெய்ச் சட்டியை ஒருவன் வேண்டுமென்றே என் பக்கம் தள்ளிவிட்டு, கை வெந்து நான் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறேன், சமையல்காரர் வந்து தோளில் தட்டிச் சொன்னது இதுதான்: சல்மிங்கைப் பார், வெளிநாட்டுக்காரன், எவ்வளவு அடி வாங்கினான், ஒரு சத்தம் போட்டானா? தள்ளியவனிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னோடு வேலை செய்த சாவகச்சேரிப் பெடியன் ஒருவன், அடுத்த கிழமை தனக்கு அதேபோல ஒன்று நடந்ததும் ஏப்பிரனைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்தக் கிழமைச் சம்பளத்தைக்கூடக் கேட்காமல் போய்விட்டான். குசினி முழுக்கச் சிரித்தது. அவனுக்குத் தாங்கும் சக்தி இல்லையாம்.

அவனை நினைத்தால் எனக்கு இங்கெ ஹமர்ஸ்ட்ரோம் என்ற ஆட்டக்காரர் ஞாபகம் வரும். உங்கள் வட்ஸ்அப் குழுவில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும், கேட்டுப் பாருங்கள். 1973இல் லீஃப்ஸுக்கு வந்தது சல்மிங் மட்டும் இல்லை. யெவ்லே நகரத்தின் பிரினேஸ் அணியிலிருந்து இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள், ஹமர்ஸ்ட்ரோம் மற்றவர். முன்னணியில் ஆடுபவர், நல்ல வேகம், சுத்தமான கை, ரொறன்ரோவில் பருவத்துக்கு இருபது கோல் வாக்கில் போட்டவர். அந்தக் காலத்துத் தேசிய ஹொக்கி லீக்கில் அநேகமாக எல்லோருமே கனடாக்காரர். சுவீடன்காரன் என்றால் கோழை என்பது ஏற்கனவே முடிவான விஷயம். இருவரையும் பார்த்து அரங்கமே கத்தும், பனித்தளத்தில் மட்டையால் குத்துவார்கள், முழங்கையால் இடிப்பார்கள். சல்மிங் திருப்பி நின்றார். ஹமர்ஸ்ட்ரோம் சண்டைக்குப் போகவில்லை, அது அவருடைய ஆட்டம் இல்லை. லீஃப்ஸின் முதலாளி ஹரல்ட் பலார்ட் தன் சொந்த ஆட்டக்காரரைப் பற்றி ஊரறியச் சொன்னார், அரை டசின் முட்டையைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு ஆட்கள் மோதிக்கொள்கிற பனித்தள மூலைக்கு இவன் போனாலும் ஒன்றுகூட உடையாது என்று. சம்பளம் கொடுக்கிற முதலாளி! 1977இல் அவரைச் சென்ட் லூயிஸுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஒரே ஊர் அணி, ஒரே விமானம், ஒரே வசவு. ஒருவர் வீரர், மற்றவர் முட்டைக் கதை. அடித்தவர்களைப் பற்றி இந்தக் கதையில் எங்காவது பேச்சு வருகிறதா என்று பாருங்கள்.

வராது. நான் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சல்மிங்கின் இரண்டாவது ஆட்டமே பிலடெல்பியா பிளையர்ஸோடு. அடியாட்களை வைத்து ஆடி, 1974இலும் 1975இலும் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கிய அணி. அவர்களுடைய டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 பருவத்தில் மட்டும் 472 நிமிடம் தண்டனைப் பெட்டியில் இருந்தார், இன்றுவரை அதை ஒருவரும் முறியடிக்கவில்லை. 1976 பிளேஓஃபில், அதாவது பருவ முடிவுச் சுற்றில், அதே அணி ரொறன்ரோவுக்கு வந்தபோது மெல் பிரிட்ஜ்மன் என்பவர் சல்மிங்கைப் போட்டு அடித்தார். ஒன்ராறியோவின் சட்டமா அதிபர் றோய் மக்மர்ட்ரி பிரிட்ஜ்மன் உட்பட பிளையர்ஸ் ஆட்டக்காரர் சிலர் மீது வழக்கே போட்டார். பிரிட்ஜ்மன் மீதான வழக்கு பிறகு கைவிடப்பட்டது, அது வேறு. ஆனால் ஒரு மாகாணத்தின் தலைமைச் சட்ட அதிகாரி பார்த்துவிட்டு இது குற்றம் என்ற ஒன்றை ஹொக்கி உலகம் ஆளைச் சோதித்துப் பார்க்கிற சடங்கு மாதிரி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆட்டத்தில் சல்மிங் தனியாகப் பக்கை, அதுதான் அந்த ரப்பர் வட்டை, கொண்டுபோய் பிளையர்ஸின் கோல் காப்பாளர் பெர்னி பேரன்ட்டைத் தாண்டி கோல் போட்டார், அரங்கம் எழும்பி நின்று கைதட்டியது. மறுபடியும் கதை அவருடைய தாங்கும் சக்தி பற்றியதாகிவிட்டது. அடி வாங்கியவனைப் புகழத் தொடங்கிய அன்றே அடித்தவனுக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது.

இதில் இன்னொரு அநியாயம் இருக்கிறது. தையலை எண்ணுகிறவர்கள் ஒருவரும் அந்த ஆளின் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. சுவீடன் பனித்தளம் 30 மீற்றர் அகலம், இங்கே 26. அந்த அகலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பக்கைக் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் அடித்துத் தள்ளுகிற பழக்கம் இல்லை, வைத்திருந்து, ஆள் வரும்வரை பார்த்து, கொடுப்பார்கள். சல்மிங் தன் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு மூன்று பேரைச் சுற்றி வருவார். 1976-77இல் 12 கோல், 66 அசிஸ்ட், அதாவது மற்றவர் கோல் போடக் கொடுத்த பாஸ். லீஃப்ஸுக்காக மொத்தம் 620 அசிஸ்ட், அந்த அணியின் வரலாற்றில் அதற்கு மேல் ஒருவரும் இல்லை. பக் அடி வரும்போது குறுக்கே விழுந்து உடம்பால் மறிப்பார் என்பதைக்கூட எல்லோரும் துணிச்சல் என்கிறார்கள். 170 கிராம் கெட்டி ரப்பர் பறந்து வருகிறது, எப்போது விழ வேண்டும், எந்தப் பக்கம் திரும்பி விழ வேண்டும் என்று ஒரு நொடிக்குள் கணக்குப் போட வேண்டும். அது படிப்பு, தம்பி. உங்கள் மகனுக்கு அதைக் காட்டியிருக்கலாம். அந்த முகக் காயமும் சண்டையில் வந்ததல்ல, 1986இல் டிட்ரொயிட்டுக்கு எதிரான ஆட்டத்தில் கோலுக்கு முன்னால் நடந்த நெரிசலில், கீழே கிடந்தவரின் முகத்தில் எதிரணிக்காரர் ஒருவரின் ஸ்கேட் ஏறியது. விபத்து. விபத்திலிருந்து பிள்ளை என்ன பாடம் படிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

நீங்கள் அழுத அந்தக் காணொளிக்கு வருகிறேன். நானும் பார்த்தேன், எனக்கும் கண் கலங்கியது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த ஓகஸ்டில்தான் ஏ.எல்.எஸ். என்ற, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய் என்று அறிவித்திருந்தார்கள், நவம்பரில் அவருக்குப் பேச்சே போய்விட்டது, பழைய தோழர் டாரில் சிட்லர் பக்கத்தில் நின்று அவர் கையைத் தூக்கிப் பிடிக்கிறார், சிட்லர் அழுகிறார். அதே மாதம் 24ஆம் திகதி சல்மிங் இறந்துபோனார். ஆனால் அந்த வார இறுதியில் நடந்த இன்னொன்றை நீங்கள் கவனிக்கவில்லை. வன்கூவருக்கு எதிரான ஆட்டத்தை லீஃப்ஸ் தொடங்கியபோது இறங்கிய ஆறு பேரும் சுவீடன்காரர், கோல் காப்பாளர் உட்பட. ரொறன்ரோவில்! அந்த ஆறு பேரில் ஒருவரிடமும், நீ முதலில் அடி வாங்கிக் காட்டு, பிறகுதான் ஆள் என்று ஒப்புக்கொள்வோம் என்று இந்த நகரம் கேட்கவில்லை. சல்மிங் பட்ட பாட்டுக்கு ஏதாவது பலன் இருக்கிறதென்றால் அது அதுதான். அதை வைத்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் மறுபடி முதலிலிருந்து அடியைக் கேட்கிறீர்கள்.

ஹமர்ஸ்ட்ரோமை விட்டுவிட்டேன். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் யாரிடம் வேலைக்குப் போனார் தெரியுமா? அதே பிலடெல்பியா பிளையர்ஸிடம். ஐரோப்பாவில் பெடியளைத் தேடிப் பார்க்கிற வேலை. 1991இல் அந்த அணி முதல் சுற்றிலேயே எடுத்த சுவீடன் பெடியன் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், பிற்காலத்தில் உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். முட்டை உடையாத ஆளின் கண் அது. எங்கள் ஏப்பிரன் எறிந்த பெடியனும் நன்றாகத்தான் இருக்கிறான், மிசிசாகாவில் குளிர்சாதனப்பெட்டி திருத்துகிற சொந்த வியாபாரம், என்னைவிட வசதி.

லிட்ஸ்ட்ரோம். சரி. 1991இல் டிட்ரொயிட்டுக்கு வந்தார், சல்மிங் அதே அணியில் தன் கடைசி லீக் பருவத்தை முடித்துப் போன அடுத்த வருடம். இருபது பருவம், நான்கு ஸ்ரான்லி கிண்ணம், சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரருக்கான நொரிஸ் விருது ஏழு முறை. சல்மிங்குக்குக் கிண்ணமும் இல்லை, நொரிஸும் இல்லை, இரண்டு முறை இரண்டாம் இடம். 1,564 ஆட்டத்தில் லிட்ஸ்ட்ரோம் தண்டனைப் பெட்டியில் இருந்தது மொத்தம் 514 நிமிடம், ஷுல்ட்ஸ் ஒரே பருவத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கூட. லிட்ஸ்ட்ரோம் ஆளை இடித்து விழுத்தித் தடுத்ததைவிட முன்கூட்டியே போய் நின்று தடுத்தது அதிகம். ஆகவே லிட்ஸ்ட்ரோம் என்றுதான் சொல்வேன், சல்மிங்கையும் அப்படி ஆடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியோடு. இதை உங்கள் குழுவில் போட்டுச் சண்டையை வளர்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மகனின் அணியில் என்ன நடக்கிறது என்று ஒரு வரிக்கு மேல் நீங்கள் எழுதவில்லை. யார் தள்ளுகிறார்கள், பயிற்சியிலா உடுப்பு மாற்றும் அறையிலா, பயிற்சியாளருக்குத் தெரியுமா? மகனிடம் கேளுங்கள், இடையில் சல்மிங்கைக் கொண்டுவராமல். பிறகு பயிற்சியாளரிடம் நீங்களே நேரில் போங்கள். அவர் ஹொக்கியென்றால் அப்படித்தான் என்று சொன்னால் வேறு அணி தேடுங்கள், பிரம்டனில் அணிகளுக்குப் பஞ்சமில்லை. அவன் விடத்தான் போகிறான் என்றால் விடட்டும். இந்த மாதம் முடிவதற்குள் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்