சேர்வராயன் மலையில் அம்மை குத்தியவர்

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் என் அப்பா தவறிவிட்டார். வயது 91. அம்மை குத்துகிறவராக, அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போடுகிறவராக வேலைக்குச் சேர்ந்து, சுகாதார ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸுக்கு மேல் ஏற்காடு மலைக் கிராமங்களில்தான்.

எங்களுக்கு அவர் அப்பா, அவ்வளவுதான். கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, குளித்த பிறகுதான் எங்களைத் தொடுவார். சீசனில் பையில் ஆரஞ்சு இருக்கும். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபின் பதினோரு வருடம் அவரேதான் பார்த்துக்கொண்டார். எந்த மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று காலண்டர் தாளில் குறிப்பார். அம்மாவுக்குத் தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டார்.

கருமாதி முடிந்துவிட்டது. ஒரு நினைவு மலர் போடலாம் என்றிருக்கிறோம். "குடும்பத்துக்குச் செய்ததை மட்டும் எழுது. வேலை சம்பளத்துக்குச் செய்ததுதானே" என்கிறார் அண்ணன். அது சரியா? மலையைப் பற்றி அப்பா சொன்னதில் ஒன்றுதான் நினைவிருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகிய வீட்டைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு, கும்பிட்ட பிறகுதான் உள்ளே வரலாமா என்று கேட்பாராம்.

ம.

அன்புள்ள ம.,

அப்பாவுக்கு என் அஞ்சலி. அண்ணன் வருத்தப்பட வேண்டாம், அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் கடிதமே அதற்குப் பதில் சொல்கிறது. பெரியம்மை துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும் என்று தெரிந்தவர் என்பதால்தான் அந்தச் சட்டை வெந்நீருக்குப் போனது. மாத்திரை நேரத்தைக் குறித்தது, வருடக்கணக்காக டூர் டைரி எழுதிப் பழகிய கை. வீட்டில் இருந்தவரையும் மலையேறியவரையும் எப்படிப் பிரித்து எழுதுவீர்கள்?

வேப்பிலை விஷயத்துக்கு வருகிறேன். அம்மை கண்டவருக்கு ஊசியால் பயனில்லை. அதே வீட்டில் இருப்பவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்தான் உடனே குத்த வேண்டும். சுற்றி எல்லாருக்கும் குத்திவிட்டால் நோய்க்கு அடுத்த ஆள் கிடைக்காது, அங்கேயே நின்றுபோகும். ஆனால் ஆத்தா வந்திருக்கிற வீட்டுக்குள் வெளியாள் நுழைவது லேசான காரியமா? பழைய திருகு ஊசியின் பயம் வேறு. தோலில் வைத்துத் திருகினால் வட்டமாகக் கீறும், வலிக்கும், புண்ணாகும். அம்மை குத்த ஆள் வருகிறார் என்றாலே பிள்ளைகளை ஒளித்துவைப்பார்கள். அந்த வாசலில் உங்கள் அப்பா கும்பிட்டது வெறும் உத்தி என்று நான் நினைக்கவில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்த சேலத்துக்காரர், மனதாரத்தான் கும்பிட்டிருப்பார். அதனால்தான் கதவு திறந்தது.

அறுபதுகளின் கடைசியில் இரட்டை முனை ஊசி வந்தது. முனையை மருந்தில் தோய்த்தால் இரண்டு பற்களுக்கும் நடுவே ஒரு சொட்டு நிற்கும். மேல்கையில் ஒரே இடத்தில் பதினைந்து தடவை சடசடவென்று குத்தினால் போதும். மருந்து உலர்ந்த பொடியாக வந்ததால் ஐஸ் பெட்டியைச் சுமக்கவும் வேண்டாம். நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம் என்று காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975 மே மாதம். 1980இல் உலகத்திலேயே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மனிதனைத் தாக்கும் நோய்களில் இதுவரை முற்றாக ஒழிந்தது அது ஒன்றுதான். அந்த வரலாற்றை எழுதியவர்கள் அதிகாரிகளின் பெயரைப் போட்டார்கள், மருத்துவர்களின் பெயரைப் போட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப்போய் வீடு வீடாகக் குத்தியவரின் பெயர் அதில் கிடையாது. சம்பளம் வாங்கினார், உண்மைதான். வாசலில் கும்பிட்டதற்கு யாரும் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கும்தான்.

அதனால் மலரில் வேலைக்கும் நாலு பக்கம் ஒதுக்குங்கள். 'தன்னலமற்ற சேவை' என்றெல்லாம் எழுத வேண்டாம். எந்தக் கிராமம், எந்த வருடம், மழைக்கு எங்கே ஒதுங்கினார், யார் வீட்டில் களி சாப்பிட்டார் என்று எழுதுங்கள். பரணில் பழைய டைரி கிடக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒருமுறை ஏற்காட்டுக்குப் போய், அறுபதைத் தாண்டியவர்களிடம் கையில் அம்மைத் தழும்பு இருக்கிறதா, யார் குத்தினார் என்று கேளுங்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வூதியர் சங்கத்தில் இருக்கக்கூடும். அவர்களுக்கும் வயதாகிவிட்டது, தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.