ஸ்பானிங் ட்ரீ முறையை ஒவ்வொரு சுவிட்சாக மாற்றலாமா?

கிளிநொச்சியில் பல கட்டடங்களின் கணினிகளை வலையமைப்பாக இணைக்கும் கருவிகளான சுவிட்சுகளைப் பழைய ஸ்பானிங் ட்ரீயிலிருந்து அதன் விரைவு முறைக்கு ஒவ்வொன்றாக மாற்றினால் வலையமைப்பு முடங்குமா என்பது கேள்வி. முடங்காது.

சுவிட்சுகள் வளையமாக இணைந்திருந்தால், எல்லோருக்குமாக அனுப்பப்படும் செய்தி முடிவின்றிச் சுற்றிப் பெருகும். அதனால் ஓர் இணைப்பை மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கும் ஏற்பாடே ஸ்பானிங் ட்ரீ. பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு ஆகியவற்றை இணைக்கும் வீதிகள் ஒரு முக்கோணம். அதில் ஒரு வீதிக்குத் தடை போட்டுவிட்டு, மாரியில் மற்றொன்று வெள்ளத்தில் மூழ்கும்போது அத்தடையை எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறை கடிகாரத்தை நம்புவதால், தடையை எடுக்க வழக்கமாக 30 முதல் 50 விநாடிகள் காத்திருக்கும். 2001இல் வந்த விரைவு முறையிலோ அயல் சுவிட்சுகள் தமக்குள் கேட்டு உடன்படுவதால், அது பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் முடியும். பழைய சுவிட்சோடு இணைந்த போர்ட்டில் (கம்பி செருகும் வாயிலில்) மட்டும் விரைவு முறைச் சுவிட்ச் பழைய முறையிலேயே பேசும். மாற்றும் கணத்தில் பாதைகள் மீண்டும் கணக்கிடப்படுவதால் சிறு தடங்கல் வரும் என்பதால், வேலை முடிந்த மாலையே இதற்கு உகந்தது என்பேன்.

இரு முறைகளும் கலந்து இயங்குவதால் வேகமும் கிடைத்துவிட்டதாகப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். பழைய சுவிட்ச் ஒன்று இருக்கும்வரை, அதனூடான பாதையில் பழைய காத்திருப்பே தொடரும்.